‘அருணோதயம்’ பலகைக்காக ஒரு ரூட்டர் தேடியபோது

கேரளத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டுப் பெயர்ப் பலகை செய்யச் சொல்பவர்கள் பலரும் இரண்டு மொழியில் கேட்பார்கள். மேலே தமிழ், கீழே மலையாளம். சென்ற ஆண்டு ‘அருணோதயம்’ என்று ஒரு பலகை வந்தது. மூன்றடித் தேக்கு, மூன்று அங்குல எழுத்து. அதுவரை மாமாவும் நானும் உளியும் கொட்டாப்புளியுமாகவே செதுக்கி வந்தோம். மாமாவுக்குத் தோள்வலி கூடிக்கொண்டே போனதால்தான் ரூட்டர், அதாவது சுழலும் முனையால் மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவி, வாங்குவது என்று தீர்மானித்தேன்.

முதலில் தெரிந்த பட்டறையிலிருந்து பெரிய ரூட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அரை அங்குலத் தண்டுள்ள பிட் (வெட்டுமுனை) பிடிப்பது, 1,650 வாட், ஆறு கிலோவை நெருங்கும் எடை. நிலைக்கதவு வேலைக்கு அருமையான இயந்திரம். எழுத்துக்கு ஒத்துவரவில்லை. கைப்பிடிகள் மரத்திலிருந்து உயரத்தில் இருப்பதால் வளைவில் திருப்பும்போது கை தடுமாறியது. பிட்டின் முனையைப் பார்க்கவே தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. கழிவுத் துண்டில் ‘ரு’ வெட்டிப் பார்த்தேன். வரைந்த கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே போயிருந்தது. மாமா பார்த்துவிட்டு, “வலுவை விடு. முனை கண்ணுக்குத் தெரிகிறதா, அதைப் பார்” என்றார். கடைக்குப் போனபோது இந்தச் சொல்தான் என் அளவுகோலாக இருந்தது.

வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் உக்கடத்தில் இறங்கினேன். பையில் ஒரு தேக்குத் துண்டு, அதில் பென்சிலால் வரைந்த எழுத்துகள், ‘V’ வடிவில் பள்ளம் வெட்டும் என் சொந்த வி பிட். ஒரு கையில் அடங்கும் சிறிய ரூட்டரைக் கடைக்காரர்கள் ட்ரிம்மர் என்கிறார்கள். போஷ் ஜிகேஎஃப் 550, மக்கிடா 3709, மக்கிடா ஆர்டி0700சி என மூன்றைப் பார்த்தேன். முதலாவது 550 வாட், நிமிடத்துக்கு 33,000 சுற்று. இரண்டாவது 530 வாட், 30,000 சுற்று. இரண்டிலும் வேகத்தைக் குறைக்க வழியில்லை. மூன்றாவது 710 வாட். 10,000 முதல் 30,000 வரை வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். பலகை ஓரத்தை உருட்டுவதற்கு ஒரே வேகம் போதும். மலையாளத்து ‘ண’ அப்படியல்ல. வளைவுக்கு வளைவு கை தானாகவே நிதானிக்கும். பிட் அதே வேகத்தில் சுற்றினால் தேக்கு கருகிவிடும். கொண்டுபோன துண்டில் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் மூன்றாவதையே எடுத்தேன்.

அதோடு பிளஞ்ச் பேஸையும், அதாவது இயந்திரத்தை நேராக மேலும் கீழும் நகர்த்த உதவும் அடித்தாங்கியையும், தனியாக வாங்கினேன். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தமிழ் எழுதுகிறவனுக்குப் புள்ளி வேண்டும். வி பிட்டை நேர்ச்செங்குத்தாக இறக்கி எடுத்தால் ‘ம்’ தலையில் அழகான வட்டப் புள்ளி விழுகிறது. சாதாரண பேஸில் இயந்திரத்தைச் சாய்த்துத்தான் இறக்க முடியும், புள்ளி நீண்டுபோகும்.

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் விஷயத்தில் கவனம் தேவை. 6 மில்லிமீட்டர் பிட்டும் கால் அங்குல பிட்டும் ஒரே கடையில் கலந்து கிடக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மெல்லிய தண்டைப் பெரிய காலெட்டில் போட்டால் ஓட்டத்தில் நழுவி இறங்கும். கழன்று தெறிக்கவும் கூடும். தண்டை அடிவரை அழுத்திவிட்டு இரண்டு மில்லிமீட்டர் மேலே இழுத்து முறுக்குங்கள்.

பிட்டின் கோணத்தில்தான் எனக்கு அதிக நாள் போயிற்று. எழுத்தின் கோடு 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் 90 டிகிரி பிட் 4 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். 60 டிகிரி பிட் ஏறக்குறைய 7 இறங்க வேண்டும். ஆனால் பலகை அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் 90 டிகிரியில் கோடு ஒரு மில்லிமீட்டர் பருத்துவிடும். 60 டிகிரியில் அந்தப் பிழை பாதிக்குச் சற்று மேல்தான். எங்கள் பலகைகள் வெயிலிலும் மழையிலும் லேசாக வளையக்கூடியவை. அதனால் 60 டிகிரியில் நின்றுவிட்டேன். ஆழத்தில் விழும் நிழல் எழுத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறது. தேக்கில் உள்ள சிலிக்கா முனையை மழுக்கும் என்பதால் மிகக் கடினமான கார்பைடு முனையுள்ள பிட்டே வேண்டும். தேக்குத் தூள் மூச்சுக்கு ஆகாது; முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள்.

நேர்கோடுகளுக்கு வழிகாட்டியாகச் சட்டம் வைக்கும்போது, இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளினால் அது இடப்பக்கம் இழுக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். சட்டம் இடப்பக்கம் இருந்தால் அதை ஒட்டியே ஓடும். வளைவுகளுக்குச் சட்டம் கிடையாது. அதற்காக இயந்திரத்தின் அடியில் இருந்த கம்பெனித் தகட்டைக் கழற்றிவிட்டு அகலமான, கண்ணாடிபோலத் தெளிந்த அக்ரிலிக் வட்டம் ஒன்றை மாட்டினேன். முனையும் தெரிகிறது, ஆட்டமும் நின்றது.

கடைசியில் வந்தது ‘ம்’. தமிழில் தலையில் ஒரு புள்ளி, மலையாளத்தில் ‘ய’வின் வலப்பக்கம் அடியில் ஒரு சிறு வளையம். வளையத்தின் நடுவே நிற்கும் மரத்தில் நார் குட்டையாக இருப்பதால் ஒரே இறக்கில் வெட்டினால் பெயர்ந்துவிடும். ஒன்றரை ஒன்றரை மில்லிமீட்டராக மூன்று முறை சுற்றி வெட்டினேன், பெயராமல் நின்றது. ‘ய’வின் மூலைகளில் பிட் விட்டுச்சென்ற உருட்டை மட்டும் மாமா உளியால் கூராக்கினார். இரண்டாம் நாள் மாலையில் பலகை எண்ணெய் பூசக் காத்திருந்தது.