தொடை எலும்பின் வடிவ மாதிரியை உருவாக்கிய அனுபவம்

கோலாலம்பூரில் என் முதுகலை ஆய்வுக்காகத் தொடை எலும்பின் புள்ளியியல் வடிவ மாதிரி ஒன்றை, அதாவது பல எலும்புகளின் சராசரி வடிவத்தையும் அவை வேறுபடும் விதங்களையும் காட்டும் கணினி மாதிரியை, உருவாக்கினேன். இத்துறைக்கு வர விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு உதவும் என்பதால், அந்த வேலை நடந்த விதத்தை எழுதுகிறேன்.

தொடை எலும்பு நேரான தண்டு அன்று. முன்புறமாக வில்போல் வளைந்தது. எலும்பு முறிந்தால் உள்ளே செலுத்தப்படும் நீண்ட உலோக ஆணியின் வளைவு அதனோடு பொருந்தாவிட்டால், ஆணியின் கீழ்முனை முழங்காலுக்கு மேலே முன்பக்க எலும்புச் சுவரை அழுத்தும். சில வேளைகளில் துளைத்தும் விடும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பல இனத்தார் வாழும் நாட்டில் இந்த வளைவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதே என் கேள்வி.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பிறகு, நோயாளிகளின் பெயர் நீக்கப்பட்ட சிடி ஸ்கேன் (CT) படங்கள் கிடைத்தன. இலவச மென்பொருளான 3டி ஸ்லைசரில் எலும்பைப் பிரித்தெடுத்தேன். தண்டுப் பகுதி எளிதாகப் பிரிந்தது. இடுப்பு மூட்டில் எலும்புத் தலையும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டே வந்ததால், அங்கே ஒவ்வொரு படமாகக் கையால் திருத்த வேண்டியிருந்தது. இடது எலும்புகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி வலதாக்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த புள்ளிப் பொருத்தம்தான் இந்த முறையின் உயிர். 1990களில் மான்செஸ்டரில் ஆய்வாளர்கள் டிம் கூட்ஸும் கிறிஸ் டெய்லரும் வகுத்த அடிப்படையின்படி, எல்லா எலும்புகளும் ஒரே வரிசையில் அமைந்த ஒரே எண்ணிக்கையான புள்ளிகளால் குறிக்கப்பட வேண்டும். ஓர் எலும்பில் 500ஆம் புள்ளி சிறிய ட்ரோகான்டரின் (எலும்பின் மேற்பகுதியில் உட்புறமாக உள்ள சிறு புடைப்பின்) நுனியில் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் அது அங்கேயே இருக்க வேண்டும். வழவழப்பான தண்டில் பற்றிக்கொள்ள அடையாளம் எதுவும் இல்லாததால் புள்ளிகள் மெல்ல வழுக்கும், அந்த வழுக்கலைக் கணினி மனிதருக்கிடையிலான வேறுபாடு என்றே எண்ணிக்கொள்ளும். புள்ளிகளுக்கு வரிசைப்படி நிறம் கொடுத்து எலும்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வழுக்கல் கண்ணுக்கே தெரிந்துவிடும். கணக்கைத் தொடங்கும் முன் இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எலும்புகளை ஒரே திசையில் நிறுத்தும்போது அளவைச் சமப்படுத்தவில்லை, ஏனெனில் ஆணிக்குத் தேவைப்படுவது எலும்பின் உண்மையான அளவு. எனவே, எலும்புகள் எந்தெந்த விதங்களில் அதிகம் வேறுபடுகின்றன என்று வரிசைப்படுத்தும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில், முதல் கூறாக எலும்பின் ஒட்டுமொத்த அளவே வந்தது. இரண்டாம் கூறைத் திரையில் அசைத்துக் காட்டியபோது, "இது தண்டின் வளைவா, எலும்புக் கழுத்தின் திருப்பமா?" என்று எங்கள் எலும்பு அறுவை மருத்துவர் கேட்டார். இரண்டும் கலந்தே இருந்தன. இந்தக் கூறுகள் புள்ளிவிவரம் காட்டும் திசைகளே, அவை உடற்கூற்றியல் அளவுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஆகவே மாதிரியிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வடிவத்திலும் வளைவின் ஆரத்தைத் தனியே அளந்து கொடுத்தோம். மருத்துவருக்குப் பயன்பட்டது அந்த அளவுதான்.

ஒவ்வோர் எலும்பாக விலக்கி, எஞ்சியவற்றைக் கொண்டு அதை மீட்டெடுத்துச் சரிபார்த்தோம். ஆனால் எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட இளைஞர்களின் படங்கள். வளைவு மிகுந்து காணப்படும் முதிய பெண்கள் அவற்றில் மிகக் குறைவு. அவர்களுடைய அறுவைத் திட்டத்துக்கு இம்மாதிரியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறோம். அவர்களின் படங்களைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம் இப்போது நெறிமுறைக் குழுவின் பரிசீலனையில் உள்ளது.