கதவு ஸ்டிக்கர் சொன்னது 3.55, பல் சொன்னது 3.08

என்னிடம் இருப்பது 1994 ஃபோர்டு எஃப்-150. 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், இழுப்பு பின்சக்கரத்துக்கு மட்டும். வாங்கும்போதே 31 அங்குல டயர் போட்டிருந்தது. கம்பெனி டயர் கிட்டத்தட்ட 29 அங்குலம்தான். டெக்சாஸ் சமவெளியில் குறை தெரியவில்லை. ஆஸ்டினுக்கு மேற்கே மேட்டுச் சாலையில் சின்ன டிரெய்லரைக் கட்டினால் ஓவர்டிரைவ் (எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் உச்ச கியர்) நிற்காது, விழுந்து விழுந்து ஏறும். பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனை (கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி; கிரவுன் பெரியது, பினியன் சின்னது) மாற்றலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன், உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு 19. அப்படியென்றால் விகிதம் 3.55, அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.55 சுற்று; லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கும் அமைப்பு) கிடையாது. டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் அமைப்பு) மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்க வேண்டும். அதில் 3L55 என்று இருந்தால் லிமிடெட் ஸ்லிப், நடுவில் எல் இல்லாவிட்டால் சாதா. என் வண்டியில் அந்தத் தகடே இல்லை. பின்னால் கழற்றும் மூடியும் அதில் 10 போல்ட்டும் இருந்ததால் 8.8 அங்குல ஆக்சில் என்பது மட்டும் உறுதி. பழைய 9 அங்குலத்துக்குப் பின்மூடி கிடையாது, அது முன்பக்கமாகக் கழன்று வரும்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறையிலேயே வளர்ந்த ஒரு அண்ணன் இங்கே பக்கத்தில் இருக்கிறார். போனில் சொன்னேன். "ஸ்டிக்கர் வண்டி பொறந்த அன்னைக்கு எழுதினது தம்பி. வீலைச் சுத்திப் பாருப்பா" என்றார்.

முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் போட்டேன். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தரையில் நின்றால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றும்போதுதான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இரண்டு சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் மூன்றைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. 3.55 என்றால் மூன்றரையைத் தாண்டியிருக்க வேண்டும்.

மூடியைத் திறந்ததும் (அந்தக் கந்தக நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது) கிரவுன் வீலின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். 40, 13 என்று குத்தியிருந்தது: கிரவுனில் 40 பல், பினியனில் 13. நாற்பதைப் பதின்மூன்றால் வகுத்தால் 3.08. யாரோ எப்போதோ ஆக்சிலையே மாற்றியிருக்க வேண்டும். 65 மைல் வேகத்தில் ஓவர்டிரைவில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,540 சுற்றில் கிடந்ததன் காரணம் புரிந்தது. 41க்கு 11, அதாவது 3.73 வாங்கினேன். அதே வேகத்தில் ஏறத்தாழ 1,870 வரும். இந்த எஞ்சினுக்கு அதுதான் சரி. 8.8இல் எந்த விகிதத்துக்கும் ஒரே கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு) பொருந்துவது ஒரு நிம்மதி.

கழற்றுவது சுலபம். கேரியருக்குள் இருக்கும் குறுக்குப் பின்னை (இரும்புத் தண்டு) பிடிக்கும் பூட்டு போல்ட்டை மட்டும் பொறுமையாக எடுக்க வேண்டும், உடைந்தால் பெரிய தலைவலி. அந்தத் தண்டு வெளியே வந்ததும் ஆக்சில் ஷாஃப்டை உள்ளே தள்ளினால், அதைப் பிடித்திருக்கும் சி கிளிப் விழுந்துவிடும். பக்கவாட்டு ஷிம்களில் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகள்) எது இடம், எது வலம் என்று எழுதி வைத்தேன். கம்பெனி ஷிம் வார்ப்பிரும்பு, சுத்தியலால் தட்டினால் விரிசல் விடும்.

நேரத்தைத் தின்றது பினியன் ஆழம்தான், அதாவது பினியன் கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது. பழைய உள் பேரிங்கின் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கி, கையால் போட்டு எடுக்கும்படி செய்துகொண்டேன். ஷிம்மை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸுக்கு ஓட முடியாது. பழைய பினியனின் ஷிம்மையே முதலில் போட்டு, கிரவுன் பற்களில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றினேன். தடம் பல்லின் உச்சியை ஒட்டி மெல்லிய கோடாக விழுந்தது. பினியன் போதுமான ஆழம் போகவில்லை. ஷிம்மைத் தடிமனாக்கியதும் தடம் கீழே இறங்கியது. கொஞ்சம் அதிகமானால் அடிவாரத்துக்குப் போய்விடுகிறது. உச்சிக்கும் அடிக்கும் நடுவில், ஓரம் மங்கலாக, முட்டை வடிவத்தில் தடம் வரும்வரை விடவில்லை.

பேக்லாஷை (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) டயல் கேஜில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துக்குக் கொண்டுவந்தேன். கிரவுன் இருக்கும் பக்கம் ஷிம் கூட்டினால் அது குறையும். கூட்டிய அளவை மறுபக்கம் குறைக்க வேண்டும். அப்புறம் புது பேரிங், க்ரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் குழல்). அந்த ஸ்லீவை நசுக்க நீளமான குழாயும் முழு உடம்பு பலமும் வேண்டும். புது பேரிங்கில் பினியனைச் சுற்ற 16 முதல் 29 இஞ்ச்-பவுண்ட் இழுவை இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, வேறு ஸ்லீவ்தான். அதனால் துளித் துளியாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்தேன்.

80டபிள்யூ-90 ஆயில் ஊற்றி, முதலில் கால் மணி நேரம் மிதமாக ஓட்டி ஆறவிட்டேன். 500 மைல் வரை டிரெய்லர் கட்டவில்லை. அதற்குப் பின் ஆயிலை மாற்றினேன்.

ஸ்பீடோமீட்டரும் குழம்பிப்போகும் என்று பலர் சொன்னார்கள். இந்த வண்டியில் அப்படியில்லை. வேகத்தைப் படிக்கும் சென்சார் டிஃபரன்ஷியலின் மேலேயே உட்கார்ந்து, கிரவுனோடு சுற்றும் பல்வளையத்தை எண்ணுகிறது. பினியன் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. டயர் பெரியதால் 65இல் போகும்போது 61 என்று காட்டுகிறதே, அது வேறு கணக்கு. அதை இன்னும் தொடவில்லை.