பை எங்கே இருக்கிறதோ அங்கே காப்பீடு

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன. சிம்மக்கல்லில் இருக்கும் என் ஸ்டூடியோவிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரம்தான். மறுநாள் காலை கடைவீதிக்காரர்கள் எல்லாரும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே நானும் கடைக்குக் காப்பீடு எடுத்தேன். தீ, வெள்ளம், பூட்டை உடைத்துத் திருட்டு எல்லாம் சேர்த்து ஒரே பாலிசி. கேமராக்களையும் அதில் எழுதிக்கொடுத்தேன். நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருடம் ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். பெரிய முகூர்த்த நாளில் அங்கே சன்னதித் தெருவில் விடியுமுன்னே நடக்க இடம் இருக்காது. கோயிலில் தாலி கட்டி முடித்து மண்டபத்துக்கு வந்தோம். மேடைக்கு லைட் கட்ட, உதவிக்கு வந்த தம்பி காரிலிருந்து ஸ்டாண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது நடைக்குப் போனவன் வெறுங்கையோடு ஓடி வந்தான். "அண்ணே, பின் கண்ணாடி உடைஞ்சு கெடக்குண்ணே. பையக் காணோம்."

பையில் ஒரு கேமரா பாடி, ஒரு 70-200 லென்ஸ், இரண்டு ஃபிளாஷ். மூன்றரை லட்சம் ரூபாய் பொருள். லென்ஸுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி. கையில் இருந்த ஒரு கேமராவை வைத்து ரிசப்ஷனை முடித்தேன். காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அன்று முழுக்க நிற்க முடிந்தது.

ஒரு மாதம் கழித்து நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பாலிசியில் எழுதிய முகவரியில் நஷ்டம் நடக்கவில்லை, ஆகவே பணம் தர இயலாது. நேரில் போனேன். அந்த அதிகாரி பொறுமையானவர். பாலிசியைத் திருப்பி, என் கடையின் கதவு எண் அச்சடித்திருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். இந்தக் கதவுக்கு உள்ளே நடந்தால்தான் பணம். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாலிசி எழுதும்போது ஒரே ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம்: உங்கள் பொருள் பகலில் எங்கே இருக்கும்?

மளிகைக்கடைக்காரரின் மூலதனம் கடைக்குள் இருக்கிறது. எங்கள் மூலதனம் தோளில் தொங்குகிறது. கடைக்காரருக்காக எழுதின பாலிசியை எங்களிடம் கொடுத்தால் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் மட்டும்தான் அது உதவும். அந்த மட்டில் அது நல்ல பாலிசிதான், குறை சொல்ல மாட்டேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் புகுந்ததே, தரைத்தளத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம்.

அந்தத் திருட்டுக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஐப்பசி மாதம் முழுக்க, தினமும் பை எங்கெங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று எழுதி வைத்தேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் கடைக்குள் இருந்த நேரம் மிகக் குறைவு. காரில், மண்டபத்து மாப்பிள்ளை அறையில், உசிலம்பட்டியில் மொய் வாங்கும் ஒரு வசந்த விழாப் பந்தலில், லைட் பிடிக்கும் தம்பியின் பைக்கில், பல இரவுகள் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அந்த நோட்டோடுதான் அடுத்த பாலிசி தேடிப் போனேன். எனக்குத் தெரிந்த வரையில் காப்பீடு தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. எவ்வளவு பிரீமியம் என்று கேட்பதற்கு முன்னால், என் பொருள் எப்படியெல்லாம் போகக்கூடும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எல்லாரும் சொன்னது 'ஆல் ரிஸ்க்' பாலிசி. பெயரைக் கேட்டாலே எல்லாம் அடங்கும் என்று தோன்றும். இந்தியாவில் எங்கே போனாலும் செல்லும் என்றார்கள். எனக்குக் கொடுத்த மாதிரிப் படிவத்தை இரவு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். விலக்குகள் என்று ஒரு பட்டியல். உடைதல், விரிசல், கீறல் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாத பொருள்கள்: கண்ணாடிப் பாத்திரம், கேமரா, பைனாகுலர், லென்ஸ், சிற்பம், இசைக்கருவி. தீயிலோ வண்டி விபத்திலோ உடைந்தால் மட்டும் உண்டு. அதாவது மண்டபத்துப் படிக்கட்டில் லென்ஸ் கைதவறி விழுந்தால் ஒன்றும் வராது. புகைப்படக்காரன் பாலிசி எடுப்பதே அதற்குத்தானே!

அந்த வரியை எடுத்துவிட்டுத் தர முடியுமா, எழுத்தில் தர முடியுமா என்று மூன்று இடங்களில் கேட்டேன். ஓரிடத்தில் முடியாது என்றார்கள். ஓரிடத்தில், "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார்கள். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். வாயால் சொன்னது பாலிசியில் ஏறாது. மூன்றாவது இடத்து முகவர் அக்கா, "நீங்க எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசி பாருங்க தம்பி. வெளியே எடுத்துட்டுப் போற பொருளுக்குத் தனியா ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோட சேர்க்கிற கூடுதல் ஷரத்து, போட்டுத் தர்றோம்" என்றார். எதிர்பாராமல் திடீரென்று பொருளுக்கு ஏற்படும் சேதம் அதில் அடங்கும். கூடக் கொஞ்சம் பணம். என் மொத்த மதிப்புக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் வந்தது, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எட்டு லட்சம் பொருளுக்கு ஒரு கல்யாண ஆர்டரின் அட்வான்ஸ் அளவு. எடுத்தேன்.

கார் பற்றிய வரியையும் கேட்டு வாங்கிப் படித்தேன். கதவு, கண்ணாடி எல்லாம் மூடிப் பூட்டிய காரிலிருந்து, உடைத்து எடுத்தால்தான் அது திருட்டு. டாடா ஏஸில் தார்ப்பாய் மூடி வைத்த பெட்டியில் இருந்து போனால் கிடையாது. நம்மிடம் வேலை செய்பவரே எடுத்துக்கொண்டு போனால் அதற்கும் கிடையாது.

மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று நண்பர்கள் பலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எட்டு லட்சம் பொருளுக்கு நான்கு லட்சம் என்று எழுதினால், ஒரு லட்சத்துக்கு நஷ்டம் வரும்போது ஐம்பதாயிரம்தான் தருவார்கள். பாதிப் பொருளுக்குக் காப்பீடு எடுத்தவருக்குப் பாதி நஷ்டஈடு, அதுதான் கணக்கு. இந்த பாலிசியில் எழுத வேண்டியது அதே மாதிரிப் புதுப் பொருளின் இன்றைய விலை. பழுது என்றால் பெரும்பாலும் தேய்மானம் பிடிக்காமல் தருகிறார்கள், முழுதாகப் போய்விட்டால் தேய்மானம் கழித்துத்தான் வரும். மூன்று வருடப் பழைய பாடிக்குப் புதுப் பாடியின் விலை வராது. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் பின்னால் மனம் வெறுக்காது.

அப்புறம் பில். எங்கள் தொழிலில் பாதிப் பொருள் கைமாறி வருவது. பில் இல்லாத லென்ஸைக் காப்பீட்டில் சேர்ப்பது கஷ்டம். நான் இப்போது எதை வாங்கினாலும் பில்லையும் பொருளின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் மொபைலில் படம் எடுத்து எனக்கே மெயில் அனுப்பிவிடுகிறேன். முகூர்த்த நாளில் ஒருவருக்கொருவர் லென்ஸ் இரவல் கொடுப்பது மதுரையில் சகஜம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் இரவல் வாங்கின பொருள் என் பாலிசியில் இல்லை. நண்பர் பாலிசியிலும் அது அவர் கையில் இருக்கும்போதுதான் என்று எழுதியிருக்கலாம். கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

2023 சித்திரைத் திருவிழாவில் அந்த பாலிசிக்குச் சோதனை வந்தது. சுவாமியை வரவேற்று உபசரிக்கும் ஒரு மண்டகப்படிக்காரருக்காக ராமராயர் மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வைகையில் இறங்கின அழகர் அங்கே வரும்போது துருத்தி வேடம் போட்ட பக்தர்கள் தோல் பையில் தண்ணீரை அடைத்துப் பீய்ச்சி அடிப்பார்கள். கூட்டத்தில் என் மழையுறை விலகியிருக்கிறது. ஒரு பெரியவர் பக்தியோடு வானத்தைப் பார்த்து அழுத்திய தண்ணீர் வளைந்து வந்து நேராகக் கேமராவின் தலையில் விழுந்தது. வியூஃபைண்டருக்குள் அழகரின் பச்சைப் பட்டு ஒரு நொடி நடுங்கித் தெரிந்தது, அப்புறம் கறுப்பு. லென்ஸை ஆட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துளி உருண்டது.

பேட்டரியைக் கழற்றினேன். திரும்ப ஆன் செய்து பார்க்கவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்தேன். "சர்வேயர் பார்க்கிற வரைக்கும் திருகு ஒண்ணைக்கூடக் கழட்டாதீங்க" என்றார். நஷ்டத்தை மதிப்பிட வருபவர்தான் சர்வேயர். ஒன்பது நாள் ஆனது. வைகாசி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்க, பழுது பார்க்காமல் அதை அப்படியே மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. சர்வேயர் வந்தார், சீரியல் எண்ணை பாலிசியோடு ஒப்பிட்டார், சர்வீஸ் சென்டர் அறிக்கை கேட்டார். பழுதுக்கு 58,000 ரூபாய் ஆனது. என் பங்காக நான் ஏற்க வேண்டிய தொகை போக 52,000 வந்தது. திருட்டாக இருந்தால் இதோடு காவல் நிலையப் படிகளும் உண்டு. மனு ரசீதான சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். பின்னால் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்றும் கேட்பார்கள்.

அன்று கேமராவுக்குப் பணம் வந்தது. அந்தக் காலையில் எடுத்த படங்கள் கார்டில் பத்திரமாக இருந்ததால்தான் நான் மண்டகப்படிக்காரர் முகத்தில் விழிக்க முடிந்தது. படம் அழிந்திருந்தால் எந்தக் காப்பீடு அழகரைத் திரும்ப ஆற்றில் இறக்கும்? தாலி கட்டும் நொடியும் அப்படித்தான். அதற்கு நான் நம்புவது கேமராவில் இரண்டு கார்டு, அன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஒப்பந்தத் தாளிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: என்னை மீறி படம் போனால் வாங்கிய தொகையைத் திருப்பித் தருவேன், அதற்கு மேல் பொறுப்பு கிடையாது. கல்யாண வீட்டாரிடம் இதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

அடுத்தவருக்கு நம்மால் ஏற்படும் சேதத்துக்கும் ஒரு காப்பீடு உண்டு, பொதுப் பொறுப்புக் காப்பீடு. மேலூரில் ஒரு காதுகுத்தில் எங்கள் லைட் ஸ்டாண்ட் சரிந்து ஒரு பாட்டியின் காலில் விழுந்த பிறகுதான் அதைப் பற்றி விசாரித்தேன். ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு இதில் தேர்வே கிடையாது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பறக்கவிட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

அந்தக் காதுகுத்து முடிந்து வரும்போது இன்னொன்றும் உறைத்தது. அந்த ஸ்டாண்ட் தம்பியின் தலையில் விழுந்திருந்தால்? எட்டு லட்சம் பொருளுக்கு சீரியல் எண்ணோடு பாலிசி வைத்திருக்கிறேன். நள்ளிரவில் அந்தப் பொருளைப் பைக்கில் சுமந்து வரும் பையன்களுக்கு ஒன்றும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றை அந்த மாதமே அக்காவிடம் எழுதிக்கொடுத்தேன். அதோடு இரண்டு பேரையும் வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவிலும் சேர்த்துவிட்டேன். வருடத்துக்கு இருபது ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். பணம் கணக்கிலிருந்து தானாகப் போகும், ஆனால் கணக்கில் இருக்க வேண்டும். வருடாவருடம் மே மாதக் கடைசியில், வைகாசி முகூர்த்த ஓட்டத்துக்கு நடுவில், மேடைக்கு லைட் கட்டும்போதே கேட்டுவிடுவேன்.

"டேய், பேங்குல இருபது ரூபா கெடக்கா?"

"கெடக்குண்ணே. நேத்தே பாத்துட்டேன்."