டாக்டருக்கு மெயில் போட்டேன், பதில் வரவில்லை

எங்கள் குடும்ப டாக்டரின் மருந்துச்சீட்டில் அடியில் பொடி எழுத்தில் ஒரு மெயில் முகவரி இருக்கும். இத்தனை வருடத்தில் அதற்கு வேலை வந்ததே இல்லை. போன மாதம் வந்தது.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக ஏற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு கணுக்காலும் வீங்க ஆரம்பித்தன. சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும், மேலே வர நேரம் எடுக்கும். காலையில் பாதி வடிந்திருக்கும். "இதுக்குப் போய் டாக்டரைத் தொந்தரவு பண்ணாதே" என்றார் அம்மா. சரி, தொந்தரவே இல்லாத வழி மெயில்தானே என்று உட்கார்ந்தேன்.

அங்கேதான் சொதப்பினேன். தலைப்பு, "வணக்கம் டாக்டர்". உள்ளே அம்மாவின் முழு வரலாறு, இரண்டு பக்கம். பிரஷர் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இணைத்தேன். போதாததற்கு, காலை அழுத்திக் காட்டும் வீடியோ வேறு. 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் கோப்பை அப்படியே அனுப்பாது, டிரைவில் ஏற்றி லிங்க்காக மாற்றிவிடும். யார் பார்க்கலாம் என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. படிக்காமல் எதையோ தட்டி அனுப்பிவிட்டேன்.

ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். பதில் இல்லை.

ஐந்தாம் நாள் அரை நாள் லீவு போட்டு கிளினிக்குக்கே போனேன். டாக்டர் வெளியூர். வரவேற்பில் இருந்தவரிடம் மெயில் வந்ததா என்று கேட்டேன்.

"மெயிலா? எங்களுக்கு நூறு மெயில் வருது சார். பேர் என்ன?"

என் பெயரைச் சொன்னேன். தேடிவிட்டு, "இந்தப் பேர்ல பேஷண்ட்டே இல்லையே" என்றார். உண்மைதான், பேஷண்ட் அம்மா. முகவரி என்னுடையது. மெயில் முழுக்க "அம்மா", "அம்மா" என்று எழுதியிருந்தேனே தவிர, அம்மாவுக்குப் பெயர் ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் விடவில்லை. சீட்டில் முகவரி எதற்கு அச்சடிக்கிறீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டு வந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "கரெக்ட் சார்" என்றது அப்போது பெரிய வெற்றியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஸ்பேமில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. குப்பைத் தொட்டியில் இருந்தது. யாரோ முன்பின் தெரியாத முகவரியிலிருந்து "உங்கள் கோப்பைப் பார்க்க அனுமதி கேட்கிறார்" என்று ஒரு மெயில். ஏதோ மோசடி என்று நானே அழித்திருக்கிறேன். தேதி, நான் போய்ச் சத்தம் போட்டதற்கு மூன்று நாள் முன்பு. கிளினிக் பெயரே இல்லாத முகவரியிலிருந்து கேட்டது அவர்கள் தப்பு என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பூட்டி அனுப்பியது நான்.

அன்று ராத்திரியே இரண்டாவது மெயில். தலைப்பில் அம்மாவின் கோப்பு எண்ணும், "புதிய அளவு மாத்திரைக்குப் பின் கால் வீக்கம்" என்பதும். நோயின் பெயரைத் தலைப்பில் போடாமல் இருப்பது நல்லது என்பார்கள். ஆனால் அதைத் திறக்கவாவது வேண்டுமே என்று எனக்கு இருந்தது. உள்ளே ஆறே வரி: முழுப் பெயர், பிறந்த தேதி, மாத்திரையும் அளவும், வீக்கம் எப்போது தொடங்கியது, மூச்சு வாங்கவில்லை, ஒரே கேள்வி: மாத்திரையைத் தொடரலாமா? காலின் படம் ஒன்று, சின்னதாக்கி. நோட்டுக்குப் பதில் ஒரு வாரச் சராசரி. காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளைக் கூட்டிப் போட்டது. வீட்டில் எடுக்கும் பிரஷருக்கு எங்கள் டாக்டர் வைத்திருக்கும் எல்லை 135/85. சராசரி அதற்குக் கீழேதான் இருந்தது.

அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்த்தேன், நல்லவேளை. டாக்டர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் ஜிமெயில் என் ஆபீஸ் மேனேஜரை நிரப்பி வைத்திருந்தது. அம்மாவின் கால் படத்தோடு.

அடுத்த நாள் மத்தியானம் பதில். "இரண்டு காலிலும் ஒரே மாதிரி வீக்கமா? ஒரு காலில் மட்டும் வலியோடு இருந்தால் இன்றே காட்டுங்கள். இல்லையென்றால் திங்கள் அழைத்து வாருங்கள், அதுவரை நீங்களாக நிறுத்த வேண்டாம்." அவ்வளவுதான். இதற்கா ஆறு நாள்!

திங்களன்று நேரில் பார்த்து, அளவை மறுபடி 5 ஆக்கி, கூட இன்னொரு மாத்திரை எழுதினார். அம்லோடிபின் அளவு ஏற ஏற வீக்கமும் வருவது சகஜமாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பச் சொன்னார். லேப் கொடுத்த பிடிஎஃப் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. இந்த முறை உஷாராகிவிட்டேன். கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொன்னேன்.

மெயில் எப்போது திறக்கப்படும் என்று அவரிடமே கேட்டேன். வேலை நாளில் மத்தியானம் ஒரு தரம், முதலில் உதவியாளர் பார்ப்பார், பிறகு நான் பார்ப்பேன் என்றார். அதனால் நெஞ்சு வலி, வாய் கோணல், மூச்சுத் திணறல் இதற்கெல்லாம் மெயில் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. அப்புறம், மெயிலை டாக்டருக்கு முன் இன்னொருவர் படிப்பார் என்பதை நினைவில் வைத்தே எழுதுங்கள். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அம்மாவின் மாமியார் விவகாரத்தை முதல் மெயிலில் எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது வரவேற்பில் அதே ஆள். "சார், அந்த லிங்க்குக்கு இன்னும் பர்மிஷன் தரலையே" என்றார்.