இதுக்கு ஆதாரம் என்னம்மா?

நான்தான் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. என் எம்.ஏ. மாணவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்விதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அன்றைக்கு நான் அதைக் கேட்டது இரண்டு வருடமாக மனதை விட்டுப் போகவில்லை.

"அப்பாயி சொன்னுச்சு சார்."

"அப்பாயி சொன்னது சரிம்மா. வேற?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பாயி உள்ள கைய விட்டுப் பார்த்திருக்கு சார்."

"அது போதாதும்மா" என்றேன்.

எங்கள் துறையும் டெல்டாவில் உள்ள சில அரசுப் பள்ளிகளும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. வெள்ளிக்கிழமை மதியங்களில் நானும் இரண்டு ஆய்வு மாணவர்களும் போவோம். வரலாறு என்றால் ஆண்டும் போரும் மனப்பாடம் செய்வது என்று நினைத்திருக்கிற பிள்ளைகளுக்கு, ஒரு மூலத்தை எப்படிப் படிப்பது என்று காட்ட வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் வைத்திருந்தோம். யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே இதைப் பார்க்கலாம். பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியை இதை எங்களைவிட நன்றாகச் செய்தார். சோழர் காலத்து ஊர்ச் சபைத் தேர்தலான குடவோலை பற்றிய பாடத்தில், சபை உறுப்பினராக வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையும் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதைப் படித்துக் காட்டிவிட்டு, "கால் வேலின்னா அஞ்சு மா. நம்ம தெருவுல யாருக்கெல்லாம் அஞ்சு மா இருக்கு?" என்று கேட்டார். வகுப்பே கணக்குப் போட ஆரம்பித்தது. அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனோம். கோயிலில் ஆடிப் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியமர்த்தினார்கள் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிற கல்வெட்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதுவும் சும்மா 100 கலம் இல்லை. ராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால், அதாவது அந்தப் பெயருள்ள நெல் அளக்கும் படியால், அளந்த 100 கலம். கலத்துக்கு 12 மரக்கால், அப்படியானால் 1200 மரக்கால் என்று முதலில் சொன்னவள் அந்தப் பெண்தான். சொல்லிவிட்டு, "எந்த மரக்கால்னு எதுக்கு சார் பேரு போட்டு எழுதணும்?" என்று கேட்டாள். மரக்காலுக்கு மரக்கால் அளவு மாறும், எதனால் அளந்தது என்று சொல்லாவிட்டால் 100 கலம் என்பதற்கே அர்த்தமில்லை என்று விளக்கினேன். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். அவள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

'எங்கள் ஊர் வரலாறு' கண்காட்சிக்கு அவள் எழுதி வந்தது ஒரு பக்கம். அப்பாயி சின்னப் பிள்ளையாக நடவுக்கும் அறுப்புக்கும் போன பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்ததாம். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று, கூலி நெல்லை அளந்து கொடுக்க ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கூலி மரக்காலுக்கு மட்டும் அடிப்பலகையை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடித்திருப்பார்கள். அப்பாயி ஒரு நாள் தன் முறைக்குக் காத்திருந்தபோது யாரும் பார்க்காமல் உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கிறார். பண்ணை வீட்டின் பெயரையும் பிள்ளை எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை நான் படிப்பதற்கு முன்னாலேயே தலைமை ஆசிரியர் என்னிடம் பேசிவிட்டார். இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையே பொய். அந்த வீட்டுக்காரர்கள் பள்ளிக்கு நிறையச் செய்திருக்கிறார்கள், கண்காட்சிக்கும் வருவார்கள். "சார், நீங்க வாரத்துல ஒரு நாள் வந்துட்டுப் போயிடுவீங்க. நாங்க தினம் இந்த ஊர்ல இருக்கணும்" என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நடக்கிறதைச் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, ஆதாரம் என்ன என்று அவளிடம் கேட்டபோது எனக்குத் தேவைப்பட்டது ஆதாரம் இல்லை. அவளிடம் ஆதாரம் இல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

இப்படி எழுதியதும், அவ்வளவு கடுமையாக என்னையே சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றுகிறது. அவளுக்கு வயது பதினான்கு. அவள் அப்பா இன்னும் அந்த வீட்டு நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். சுவரில் அந்தப் பெயர் ஏறியிருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூலிக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன மண் இது. நெல் அளவு என்பது இங்கே பழங்கதை இல்லை. ஒரு பிள்ளையைப் பாதுகாக்க வேண்டியது என் பொறுப்பு, நான் அதைத்தான் செய்தேன். தவிர, வாய்மொழித் தகவலை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில் ஒழுக்கம். இதைப் பல ராத்திரி எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி ராத்திரிக்கு மேல் தாங்குவதில்லை.

ஏனென்றால் அதே கண்காட்சியில் ஒரு பையன், ராஜராஜ சோழனின் பட்டத்து யானை இளைப்பாறியதால்தான் எங்கள் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று எழுதி, அழகாக யானையும் வரைந்திருந்தான். அவனும் தாத்தா சொன்னதைத்தான் எழுதினான். அவனிடம் நான் ஆதாரம் கேட்கவில்லை. சுவரில் நடுவில் ஒட்டினோம்.

இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. அவள் எழுதியதற்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாமல் இல்லை. முத்திரையிட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பது 1940களில் தஞ்சை மாவட்ட விவசாயிகள் சங்கம் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று. அளவு நேர்மையாக இருந்த இடத்தில் யாரும் முத்திரை கேட்க மாட்டார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த கதையை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறவன் நான். அந்தக் குறிப்பிட்ட பண்ணையில் நடந்ததற்கு இது சான்று ஆகாது, உண்மைதான். ஆனால் அப்பாயி சொன்னது நடக்காத விஷயமில்லை என்று சொல்ல இது போதும். "அது போதாதும்மா" என்பதற்குப் பதிலாக, "உங்க அப்பாயி சொன்னதை இந்த மாவட்டத்துல இன்னும் நிறைய பேர் சொல்லியிருக்காங்க, வா, தேடலாம்" என்று சொல்லியிருக்கலாம். வீட்டுப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, ஏன் எடுக்கிறோம் என்று அவளிடமே மனம்விட்டுப் பேசியிருக்கலாம். இந்த வாக்கியங்கள் எல்லாம் அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் வரிசையாக வந்தன.

அவள் அழவில்லை. அடுத்த வாரம் புதிதாக ஒரு சார்ட் கொண்டுவந்தாள். ஆடவல்லான் மரக்கால், 100 கலம், 1200 மரக்கால் கணக்கு, கீழே கோயில் படம். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

இப்போது பயிற்சிக்கு வரும் ஆய்வு மாணவர்களிடம், பள்ளியோடு ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள் என்று சொல்கிறேன். பிள்ளைகளை ஊர் வரலாறு கேட்டு வரச் சொன்னால் ஊரில் இருப்பது வரும், வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள் என்கிறேன். மறு வருடம் நாங்கள் என்ன முடிவு செய்தோம் என்றால், தலைப்பையே 'ஊர்க் குளங்களும் வாய்க்கால்களும்' என்று மாற்றிக்கொண்டோம். காவிரிப் பாசனம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்று கூட்டத்தில் நானே பேசினேன். நம்பித்தான் பேசினேன். யார் குளத்தில் யார் இறங்கலாம் என்பதும் ஒரு வரலாறுதான் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது கண்காட்சிக் கட்டு கிடைத்தது. அந்த சார்ட்டின் பின்னால் அவளுடைய பழைய தாளும் மடித்துச் செருகியிருந்தது. ஓரத்தில் என் சிவப்பு மையில் 'ஆதாரம்?' என்று இருந்தது. சார்ட்டைக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள், நான் பிரித்துப் பார்க்கவில்லை. சிவப்பு மைக்குக் கீழே பென்சிலில், நாங்கள் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே எழுதியிருந்தாள்.

யார் சொன்னது: அப்பாயி. முழுப்பெயரும் போட்டிருந்தாள்.

யாருக்காகச் சொன்னது: எனக்கு.

எப்போது சொன்னது: பெரிய கோயில் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி.

வேறு எங்கே பார்க்கலாம்: அந்த மரக்கால் இன்னும் அவங்க வீட்டுப் பத்தாயத்துக்கிட்ட இருக்கலாம். கேட்டுப் பார்க்கலாம்.