செலவுக் கணக்கில் பொய் பில்: உள் விசாரணையை எந்த வரிசையில் நடத்துவது

பயணச் செலவில் ஒருவர் பொய் பில் வைக்கிறார் என்று புகார் வந்ததும், பல மேலாளர்கள் அந்த ஆளை அறைக்குக் கூப்பிட்டு "இது உண்மையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஒளிவுமறைவில்லாத செயலாகத்தான் தோன்றும். ஆனால் விசாரணை அங்கேயே பாதி கெட்டுப்போகிறது. தவறு செய்தவருக்குப் பில்களைச் சரிக்கட்ட அவகாசம் கிடைக்கிறது. செய்யாதவரோ, தன்மீது என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்றே தெரியாமல் பதில் சொல்லத் திணறுகிறார். இத்தகைய விசாரணைகளில் எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசிக்கு வைக்கிறோம் என்பதில்தான் நியாயம் நிற்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

புகாரை, அதைக் கொடுத்தவர் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். "உங்கள் பெயர் யாருக்குமே தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயமென்றால் சொன்னது யார் என்பதை எவரும் ஊகித்துவிடுவார்கள். "தெரிந்தே ஆகவேண்டியவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் உறுதிசெய்வது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை 3 மாதத்துக்குள் தெரிவிப்பது ஆகிய இரண்டு கெடுக்களும் முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த விதிகளில் இருக்கின்றன. சட்டக் கட்டாயம் இல்லாத இடத்திலும் கடைப்பிடிக்கத் தகுந்தவை அவை.

"அவர் ரொம்ப நாளாகவே ஏமாற்றுகிறார்" என்பதை விசாரிக்க முடியாது. "மார்ச் மாதம் விடுப்பில் இருந்த இரண்டு நாளுக்கு டாக்சி பில் வைத்தார்" என்பதை விசாரிக்கலாம். புகாரை இப்படிச் சரிபார்க்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மீறப்பட்டதாகச் சொல்லப்படும் விதியின் எண்ணை எழுதுங்கள். சிலவற்றுக்கு விதியே இருக்காது. அதையும் அப்போதே குறித்துவைக்க வேண்டும். எழுதப்படாத விதிக்கு ஒருவரைத் தண்டிக்க முடியாது.

விசாரிப்பவர் யார் என்பதில் அடிக்கடி சறுக்குகிறது. அந்தப் பில்களுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்ட மேலாளர் இந்த விவகாரத்தில் ஒரு சாட்சி. அவரே விசாரித்தால் தன் கவனக்குறைவையும் சேர்த்து மறைக்கவேண்டிய நெருக்கடி அவருக்கு வரும். விசாரிப்பவரும் தண்டனையைத் தீர்மானிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

அடுத்தது ஆதாரங்களைப் பத்திரப்படுத்துவது. இதில் அவசரம் தேவை. கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக அழிந்து, அதன்மேலேயே புதியது பதிவாகும். சில அலுவலகங்களில் மின்னஞ்சலும் அப்படித்தான். ஆகவே, யாரிடமும் பேசுவதற்கு முன் தானாக அழிவதை நிறுத்தச் சொல்லி ஐடி துறைக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். கோப்புகளை நீங்களே திறந்து பார்த்துச் சேமிக்காதீர்கள். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டதாகக் காட்டும் தேதி மாறிவிட்டால், நீங்கள்தான் கை வைத்தீர்கள் என்று பின்னால் கேள்வி வரும். நகலை யார், எப்போது, எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு தாளில் பதிவு வையுங்கள்.

பில்களைப் பார்க்கும்போது தொகையைவிட அவை வரும் வடிவம் அதிகம் பேசும். வெவ்வேறு தேதிகளில் வாங்கியதாகச் சொல்லும் ரசீதுகளில் எண்கள் மட்டும் அடுத்தடுத்து வருவது, ஒரே பில் இரண்டு மாதக் கணக்கில் இருப்பது, ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் தொகைகள் இவற்றைத் தேடுங்கள். பிறகு வருகைப் பதிவோடும் பயண முன்பதிவோடும் ஒப்பிடுங்கள். அதே வேலையில் இருக்கும் மற்றவர்களின் கணக்கையும் அதே காலத்துக்கு எடுங்கள். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வைத்திருந்தால், ஒருவரின் நேர்மையை விட்டு, ஒப்புதல் முறையையே கேள்வி கேட்கவேண்டியிருக்கும்.

காகிதம் கைக்கு வந்தபின்தான் ஆட்கள். புகார் கொடுத்தவர் முதலில், சாட்சிகள் அடுத்து, புகாருக்கு உள்ளானவர் கடைசியில். அறையில் இரண்டு பேர் இருங்கள்: ஒருவர் கேட்க, மற்றவர் எழுத. "நீங்கள் போகாத பயணத்துக்குத்தானே பணம் வாங்கினீர்கள்?" என்ற கேள்வி பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. "இந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் முழுதும் சொல்லி முடித்தபின் ஆவணங்களை ஒவ்வொன்றாக வைத்து விளக்கம் கேளுங்கள். முதலிலேயே காட்டினால், ஆவணத்துக்கு ஏற்றபடி கதை அமைந்துவிடும். "எல்லா ஆதாரமும் இருக்கிறது" என்று பொய்யாக மிரட்டுவது, "ஒத்துக்கொண்டால் வேலை போகாது" என்று ஆசைகாட்டுவது இரண்டுமே வாக்குமூலத்தைப் பயனற்றதாக்கும். "நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?" என்பதோடு முடியுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலில் சில நேரம் விசாரணையின் திசையே மாறும். எழுதியதை மறுநாளைக்குள் அவரிடம் படிக்கக் கொடுத்து, திருத்தங்களை அவர் கையாலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

புகாருக்கு உள்ளானவருக்கு, என்னென்ன குற்றச்சாட்டு என்பதை எழுத்தில் கொடுத்து, பதில் தயாரிக்கப் போதிய நாளும் கொடுக்கவேண்டும். அவர் சொல்லும் விளக்கத்தைக் கேட்டால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். "வாடிக்கையாளர் கூப்பிட்டதால் விடுப்பை ரத்துசெய்துவிட்டுப் போனேன்" என்றால், அந்த வாடிக்கையாளர் சந்திப்புக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் அறிக்கை எழுதுவது அநியாயம். பலர் சறுக்கும் இடம் இது. இடைக்காலத்தில் வேலையிலிருந்து விலக்கி வைத்தால், சம்பளத்தோடு வையுங்கள். இது தண்டனை அல்ல என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனி முடிவு வேண்டும்: நிரூபணமானது, நடக்கவில்லை, ஆதாரம் போதவில்லை. குற்றவியல் நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே பொதுவாகத் தேவைப்படுவதில்லை. நடந்திருப்பதற்கே அதிக வாய்ப்பு என்று ஆதாரம் காட்டினால் போதும். குற்றச்சாட்டு கனமானது என்றால் ஆதாரமும் கனமாக இருக்கட்டும். "வெட்கமில்லாமல்", "வேண்டுமென்றே" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். ஆதாரம் போதவில்லை என்பதால் புகார் பொய்யாகிவிடாது. அதை வைத்துப் புகார் கொடுத்தவர்மேல் பாய்ந்தால் அடுத்த புகார் வரவே வராது.

தண்டனைக்கு முன், இதே தவறுக்கு இதுவரை என்ன கொடுத்தோம் என்று பழைய கோப்புகளைப் பாருங்கள். அதிக விற்பனை காட்டுபவருக்கு எச்சரிக்கை, சாதாரண ஊழியருக்கு வேலைநீக்கம் என்றால், அதன்பின் எந்த நெறிமுறைக் கையேட்டையும் யாரும் மதிக்கமாட்டார்கள். பண மோசடிக்கு அழுத்தம், வாய்ப்பு, மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் நியாயம் ஆகிய மூன்றும் சேர்வதாகச் சொல்வார்கள். அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸியின் 1953 ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து இது. நிறுவனத்தின் கையில் முழுதாக இருப்பது வாய்ப்பு ஒன்றுதான். பில் வைப்பவர், ஒப்புதல் தருபவர், பணம் கொடுப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களா என்று அதே வாரம் பாருங்கள்.

கோப்பை மூடியபின்னும் 30, 60, 90-ஆம் நாட்களில் புகார் கொடுத்தவரின் நிலையைப் பார்க்க நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அவருக்கு விடுப்பு மறுக்கப்படுகிறதா, ஷிப்ட் மாறியிருக்கிறதா, கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுவிட்டதா, ஆண்டு மதிப்பெண் காரணமில்லாமல் இறங்கியிருக்கிறதா என்று பதிவுகளில் தேடுங்கள். "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று அவர் மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள்.