கோடு 4

கலிபோர்னியாவில் ஒரு சின்ன நாளிதழில் நைட் டூட்டிக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை எழுதுவது அல்ல, கேட்பது. மேசை ஓரத்தில் ஒரு ஸ்கேனர் இருக்கும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், நெடுஞ்சாலை ரோந்து என்று அலைவரிசை அலைவரிசையாகத் தாவிக்கொண்டே இருக்கும்; யாராவது பேசினால் அங்கே நிற்கும். பெரிதாக ஏதாவது நடந்தால் எடிட்டரை எழுப்ப வேண்டும். எது பெரிது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். வம்பே அங்கேதான்.

வயர்லெஸ்ஸில் சுருக்கமாகப் பேசப் பயன்படும் கோடுகளின் (code, சங்கேத எண்கள்) பட்டியல் மேசையில் ஒட்டியிருந்தது. அதை முதல் வாரத்திலேயே உருப்போட்டுவிட்டேன். 187 கொலை, 211 வழிப்பறி, 459 புகுந்து திருடுவது. இவை அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். ஏமாற்றுப் பேர்வழியை 420 என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை ரோந்துக்குத் தனி வரிசை: 11-80 என்றால் பலத்த காயத்தோடு விபத்து, 11-44 என்றால் உயிர் போய்விட்டது.

'சரி, கேட்டுவிட்டது' என்று சொல்ல எல்லோரும் பயன்படுத்தும் 10-4 இவற்றில் சேராது. அதன் கதை 1937-இல், இல்லினாய்ஸ் மாநிலப் போலீஸில் சார்லஸ் ஹாப்பர் என்பவரிடம் தொடங்குகிறது. அந்தக் கால வயர்லெஸ்ஸில் பட்டனை அழுத்தியதும் கருவி சூடு பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். பேசுபவரின் முதல் அசை காற்றோடு போய்விடும். அதனால் முன்னால் ஒரு 'டென்' போட்டார்கள். போனால் அது போகட்டும், பின்னால் வரும் எண் தப்பித்துவிடும். கருவிகள் எப்போதோ மாறிவிட்டன, 'டென்' மட்டும் போகவில்லை.

பட்டியல் மனப்பாடம் ஆன தைரியத்தில்தான் கோடு 4-இல் விழுந்தேன். கோடு 3 என்றால் விளக்கும் சைரனுமாகப் பறக்க வேண்டும் என்று தெரியும். ஒரு ராத்திரி கோடு 3-இல் இரண்டு வண்டிகள் போயின. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல், 'கோடு 4, கோடு 4' என்றது. மூன்றுக்கே சைரன் என்றால் நான்கு எப்படி இருக்கும்! போட்டோகிராபரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, இருபது மைல் தள்ளி அனுப்பிவைத்தேன். அவர் அங்கிருந்து போன் செய்தார்: "இங்கே தெருவிளக்குதான் இருக்கு. அதைப் படம் எடுக்கவா?" கோடு 4 என்றால் நிலைமை கைக்குள் வந்துவிட்டது, இனி யாரும் வர வேண்டாம் என்று அர்த்தம். அது பட்டியலின் பின்பக்கத்தில் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுவது இன்னொரு தொல்லை. 10-13 என்று நியூயார்க் போலீஸ்காரர் கத்தினால் சக போலீஸ்காரர் ஆபத்தில் இருக்கிறார். பழைய பொதுப் பட்டியலிலோ அது வானிலை, சாலை நிலவரம். கத்ரீனா புயலுக்கு அடுத்த வருடம், 2006-இல், பல துறைகள் சேர்ந்து இறங்கும் இடத்தில் கோடு வேண்டாம், சாதாரணப் பேச்சிலேயே பேசுங்கள் என்று மத்திய அரசு சொன்னது இதனால்தான். தினசரி வேலையில் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

ஆம்புலன்ஸ் கோடு புரிந்தபோதுதான் நான் உண்மையில் ஏதோ கற்றுக்கொண்டேன். சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர் 1970-களின் கடைசியில் தொடங்கிய முறை அது. முதலில் வரும் எண் பிரச்சினையின் வகை: 6 மூச்சுத் திணறல், 10 நெஞ்சு வலி, 17 கீழே விழுந்தது. பிறகு வரும் எழுத்து அவசரத்தின் அளவு; ஆல்ஃபா (A) லேசு, எக்கோ (E) உச்சம், டெல்டா (D) அதற்கு ஒரு படி கீழே. '17-டெல்டா' என்று கேட்டதும் நான் சீட்டைவிட்டு எழுந்துவிடுவேன். அனுபவசாலியான சக நிருபர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு நாள் சொன்னார்: "அது விழுந்தவர் நிலைமை இல்லப்பா. போன் செஞ்சவர் பதறிப் போய்ச் சொன்ன பதில்." யோசித்தால் சரிதான். போனை எடுத்து வண்டி அனுப்பும் டிஸ்பாட்சர் கேள்வி கேட்கிறார், மறுமுனையில் யாரோ நடுங்கிக்கொண்டே பதில் சொல்கிறார்கள், அதிலிருந்து கோடு பிறக்கிறது. அப்புறம் நானும் கோடைக் கேட்டதும் எழுவதை நிறுத்தினேன். முதல் வண்டி போய்ச் சேர்ந்ததும் பேசும் குரலுக்காகக் காத்திருப்பேன்.

2020 அக்டோபரில், தனிநபர் விவரங்கள் வானொலியில் கசியக் கூடாது என்று மாநில அரசின் நீதித் துறை ஓர் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு எங்கள் பகுதிப் போலீஸ் முழுவதுமாக மறையாக்கத்துக்கு, அதாவது வெளியாட்கள் கேட்டால் புரியாத சங்கேத ஒலிக்கு, போய்விட்டது. ஸ்கேனரில் மிஞ்சியவை தீயணைப்பும் ஆம்புலன்ஸும் நெடுஞ்சாலை ரோந்தும்தான்.

அதற்குப் பிந்தைய ஒரு ராத்திரி. மணி 3:12-க்கு '9-எக்கோ', மூச்சு இல்லை. ஒரு தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் கிளம்பின. தீயணைப்பு வண்டி முதலில் சேர்ந்தது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு நிதானமான குரலில், "ஆம்புலன்ஸ் திரும்பலாம்."

குடித்துவிட்டுத் தூங்கியவரைப் பார்த்து யாரோ பயந்திருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். எப்போதோ இறந்து குளிர்ந்துவிட்டவராக இருந்தாலும் இதேதான். முன்பென்றால் போலீஸ் அலைவரிசையில் பிணப் பரிசோதனை அதிகாரியைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டியிருப்பேன். இப்போது அங்கே வெறும் இரைச்சல். நோட்டில் 3:12, 3:19 என்று இரண்டு நேரங்களையும் எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஸ்கேனர் மறுபடி ஓடத் தொடங்கியது.